ராகு காலத்துக்கு முன்னால ஏறின விமானம்

அந்த பிசிக்ஸ் சாரை நெனச்சா எனக்கு இன்னைக்கும் பத்திக்கிட்டுதான் வருது. வயசாச்சு, விட்டுத் தொலைம்மான்னு எம் பொண்ணு சொல்றா. என்னத்தை விடறது? செத்தவங்களைப் பத்தித் தப்பாப் பேசக்கூடாதும்பாங்க. அந்த மனுஷன் நல்லா திடமாத்தான் இருக்கார், அதனால நான் தாராளமாப் பேசலாம்.

எண்பதுகளோட கடைசி. தர்மபுரி டவுன்ல ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்ல நான் கணக்கு டீச்சர். நீண்ட லீவுல போன ஒரு டீச்சரோட எடத்துல உக்காந்திருந்த டெம்பரவரி. வூட்டுக்காரருக்கு ஒசூர்ல ஃபேக்டரி வேலை, ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போவார். எனக்கு டவுன்ல ஒரு வாடகை போர்ஷன், ஒரு ரூமு, ஒரு சமையக்கட்டு. வேலை இருந்தாத்தான் அந்த போர்ஷன். வேலை இல்லேன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு இண்டூருக்கு, மாமியார் வூட்டுக்குப் போகணும்னு கல்யாணத்தப்பவே பேச்சு. எம் மாமியார் கொடுமைக்காரின்னு சொன்னா எனக்குச் சோறு எறங்காது, நல்ல பொம்பளைதான். ஆனா அந்த வூட்ல எனக்குன்னு சாத்திக்க ஒரு கதவு கெடையாது. குளிச்சிட்டு வந்தா நாலு பேர், படிக்க உக்காந்தா ஆறு பேர். அங்க போகக்கூடாதுன்னு நான் எவ்வளவு வைராக்கியமா இருந்தேன்னா, காய்ச்சல்லகூட ஒரு நாள் லீவு போட்டதில்லை.

எங்க கரஸ்பாண்டென்ட் அடிப்படையில பஸ் முதலாளி. நாலஞ்சு பஸ் விட்டு அந்தக் காசுல ஸ்கூல் கட்டினவர். அவரோட மச்சான் சிங்கப்பூர்ல இருந்து ஒரு கம்ப்யூட்டர் கொண்டாந்து குடுத்தார். இப்ப நெனச்சா சிரிப்பு வரும், ஒரு டைப்ரைட்டர் கட்டை மாதிரி இருக்கும், அதை டிவியில மாட்டணும், கேசட்டைப் போட்டு ஓட விட்டா அஞ்சு நிமிஷம் கீச்சு கீச்சுன்னு கத்திட்டு அப்பறம் புரோகிராம் வரும். கூடவே ரெண்டு கேசட். ரெண்டும் பயணிகள் விமானம் ஓட்டிப் பழகற கேசட். ஒண்ணு நாலு இன்ஜின் வெச்சது, இன்னொண்ணு ரெண்டு இன்ஜின். பசங்க பெரிய ப்ளேன், சின்ன ப்ளேன்னு பேர் வெச்சாங்க.

கரஸ்பாண்டென்ட் ஒரு நாள் ஸ்டாஃப் ரூம்ல வந்து சொன்னார்: "ஆண்டு விழாவுல ப்ளேன் ஓட்டிக் காட்டணும். சீஃப் கெஸ்ட் கையால எறக்கணும். யாரு நல்லா செய்யறீங்களோ அவங்களுக்குத்தான் வர்ற வருஷம் கம்ப்யூட்டர் கிளாஸ். பர்மனென்ட் போஸ்ட்." அதைத் தொட்டுப் பாத்தவங்களே ரெண்டு பேர், நானும் பிசிக்ஸ் சாரும். அவர் ஏற்கெனவே பர்மனென்ட், சொந்த வூடு, எம்.எஸ்ஸி. அவருக்கு அது ஒரு கவுரவம். எனக்கு அது கதவு.

அன்னையில இருந்து பொகைச்சல். ஸ்கூல் விட்டதும் அவர் முதல்ல உக்காந்துக்குவார். பெரிய ப்ளேன் அவரோடதுன்னு பட்டா போட்ட மாதிரி. ஆறு மணிக்கு எழுந்து சட்டையை உதறிக்கிட்டு, "மேடம், நீங்க சின்னதை வெச்சு வெளையாடுங்க"ம்பார். வெளையாடறதாம்! நான் என்ன பல்லாங்குழியா ஆடிட்டிருந்தேன்? அவர் போனப்பறம் நான் சின்னதையும் ஓட்டுவேன், பெரியதையும் ஓட்டுவேன். வாட்ச்மேன் வந்து சாவியை ஆட்டற வரைக்கும் ஓட்டுவேன்.

அப்படி ஓட்டினதுலதான் புரிஞ்சுது, ரெண்டு ப்ளேனுக்கும் ஆட்டோ வேற வேற. ஆட்டோன்னா, நாம கையை எடுத்துட்டா ப்ளேன் தானாவே பறக்கறதுக்கு இருக்கற ஏற்பாடு. பெரிய ப்ளேன்ல பத்தாயிரம் அடின்னு எழுதி உயரத்துக்கான பட்டனை அமுக்கினா, அது பத்தாயிரம் வரைக்கும் சமத்தா ஏறி நிக்கும். சின்னதுல அதே பட்டனை அமுக்கினா, அந்த நிமிஷம் எந்த உயரத்துல இருக்கோ அங்கயே நின்னுடும். பத்தாயிரம் எழுதியிருந்தா எனக்கென்னன்னு போகும்.

அது தெரியாம பிசிக்ஸ் சார் ஒரு நாள் சின்னதை ஓட்டி, ஏறிட்டிருக்கும்போதே பட்டனை அமுக்கி, தாழ்வாவே போய் டிவியில இருந்த மலையில மோதினார். பசங்க, "சார் வத்தல்மலைல வுட்டுட்டாருடோய்"ன்னு கத்துச்சுங்க. அந்த மனுஷன் மூஞ்சி செவந்துபோய் கேசட்டைத் திட்டறார், கேசட் கோளாறாம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். "இல்லீங்க சார், இது அந்த மாதிரி இல்ல, இதுல அந்தப் பட்டனுக்கு வேற அர்த்தம்"னேன். திரும்பி என்னை மேலயும் கீழயும் ஒரு பார்வை பாத்தார். "மேடம், பிசிக்ஸ் உலகத்துக்கே ஒண்ணுதான். ப்ளேன் எதுவா இருந்தா என்ன? கணக்கு வேற, சயின்ஸ் வேற." சொல்லிட்டு பசங்களைப் பாத்து சிரிச்சார். பசங்களும் சிரிச்சுதுங்க. என் வகுப்புப் பசங்க. எனக்கு அங்கயே டஸ்டரை எடுத்து மூஞ்சிலயே வீசலாமான்னு இருந்துச்சு.

ஆனா உயரப் பட்டனைவிட மோசமான வித்தியாசம் இன்னொண்ணு இருந்துச்சு, அதை நான் நல்லா சோதிச்சுப் பாத்து வெச்சிருந்தேன். பெரிய ப்ளேன்ல ஆட்டோ ஓடிட்டிருக்கும்போது ஸ்டிக்கை, அதான் ப்ளேனை ஓட்டற கைப்பிடியை, தொட்டாப் போதும், டொய்ங்னு ஒரு சத்தம் போட்டுட்டு ஆட்டோ ஒதுங்கிக்கும். ப்ளேன் உன் கைக்கு வந்துடும். சின்னது விடாது. நீ மூக்கை மேல தூக்க ஸ்டிக்கை இழுத்தா, அது வாலைச் சாய்ச்சு மூக்கைக் கீழ அமுக்கும். நீ இழுக்க இழுக்க அது அமுக்கும். மாமியாரும் மருமகளும் ஒரே கரண்டியைப் பிடிச்ச மாதிரி. வெளிய பாத்தா ப்ளேன் ஆடாம அசையாம நேராப் போற மாதிரிதான் தெரியும். திரையோட ஓரத்துல, வால் எவ்வளவு சாஞ்சிருக்குன்னு காட்டற ஒரு சின்ன அம்புக்குறி மட்டும் கீழ எறங்கிட்டே போகும். அந்த நேரம் பாத்து நீ கையை விட்டு, ஆட்டோவையும் நிறுத்தினேன்னு வை, அமுக்கின வால் அமுக்கினபடியே இருக்கும். மூக்குக் குத்தி நேரா மண்ணுக்குத்தான். ஆட்டோவை முதல்ல நிறுத்திட்டு அப்பறம்தான் ஸ்டிக்கைத் தொடணும். அவ்வளவுதான் ரகசியம்.

இதை அவருக்குச் சொன்னேனான்னு கேப்பீங்க. சொன்னேன். ரெண்டு தரம் சொன்னேன். ரெண்டாவது தரம் அவர் எழுந்து தண்ணி குடிக்கப் போயிட்டார்.

ஆண்டு விழா ஒரு வெள்ளிக்கிழமை. காலையில பத்து மணிக்கு சீஃப் கெஸ்ட் வர்றதா ஏற்பாடு. ஹால்ல பெரிய கலர் டிவி, அது கரஸ்பாண்டென்ட் வூட்டு டிவி. அதுக்கு சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. ஸ்டிக்குக்கும் ஒரு பொட்டு. கம்ப்யூட்டருக்கு முன்னால நாலு எலுமிச்சம்பழம். கரண்ட் போனா என்ன பண்றதுன்னு வாசல்ல வாடகை ஜெனரேட்டர் புடுபுடுன்னு ஓடுது. பஸ் முதலாளியோட பழக்கம் அது. புதுசா எந்த வண்டி எடுத்தாலும் அவர் பூசை போடாம எடுக்க மாட்டார், ராகு காலத்துல எடுக்கவே மாட்டார். கம்ப்யூட்டர்ல ஓடற ப்ளேனா இருந்தா என்ன, அவருக்கு அதுவும் ஒரு வண்டி.

பத்தாச்சு. சீஃப் கெஸ்ட் வரலை. மாவட்டத்துல பெரிய அதிகாரி, நேரத்துக்கு வந்துட்டா அப்பறம் பெரிய அதிகாரின்னு எப்படித் தெரியும்? பத்தரைக்கு ராகு காலம். கரஸ்பாண்டென்ட்டுக்கு வேர்க்க ஆரம்பிச்சுடுச்சு. கடைசியில அவரே ஒரு யோசனை கண்டுபுடிச்சார். "பத்தரைக்குள்ள ப்ளேனை மேல ஏத்திடுங்க. ஆட்டோவுல போட்டு வுடுங்க, பாட்டுக்குச் சுத்தட்டும். அவரு வந்தப்பறம் எறக்கிக்கலாம். ராகு காலத்துல எடுக்கக்கூடாதே தவிர, எறக்கறதுக்கு ஒரு தோஷமும் இல்லை."

பிசிக்ஸ் சார் தலையை ஆட்டு ஆட்டுன்னு ஆட்டி, பெரிய ப்ளேன் கேசட்டைப் போட்டார். கீச்சு கீச்சுன்னு பாதி வரைக்கும் கத்திட்டு நின்னுடுச்சு. மறுபடி போட்டார். மறுபடி நின்னுடுச்சு. ஜெனரேட்டர் கரண்ட்டுக்கோ என்னவோ, அது ஏறவே இல்லை. மூணாவது தரம் முயற்சி பண்ண நேரம் இல்லை. சின்ன ப்ளேன் கேசட்டைப் போட்டாங்க, அது கணக்கா ஏறிடுச்சு.

எனக்கு அப்ப வந்த சந்தோஷம் இருக்கே! சாமியே பாத்து குடுத்த மாதிரி. முன்னால போய், "சார், இது சின்னது. நான் உக்கார்றேன்"னேன்.

பிசிக்ஸ் சார் நாற்காலியை விட்டு அசையலை. கரஸ்பாண்டென்ட் என்னைப் பாக்காமலே, "சீஃப் கெஸ்ட் பக்கத்துல உக்காரணும்மா, ஆம்பளை உக்காரட்டும். நீங்க வாசல்ல பன்னீர் செம்பு புடிங்க"ன்னார். பிசிக்ஸ் சார் உதட்டைக் கடிச்சுக்கிட்டு சிரிச்சார். நான் மூணு மாசம் ராவும் பகலும் பழகின ப்ளேன், அவர் கையில. ஊரான் வூட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே!

கற்பூரம் கொளுத்தி டிவிக்குக் காட்டறாங்க. நான் பன்னீர் செம்பை வாங்கிட்டுத் திரும்பினவ, மனசு கேக்காம, சத்தமாவே சொல்லிட்டேன்: "சார், சீஃப் கெஸ்ட் ஸ்டிக்கைத் தொடறதுக்கு முன்னாடி ஆட்டோவை நிறுத்திடுங்க. இல்லேன்னா கண்டிப்பா விழுந்துடும்."

கற்பூரத் தட்டு அப்படியே அந்தரத்துல நிக்குது. கரஸ்பாண்டென்ட் காதைப் பொத்திக்கிட்டார். "என்னம்மா நீ! நல்ல காரியம் நடக்கறப்ப விழும் கிழும்னுட்டு! வாயில நல்ல வார்த்தையே வராதா?" தமிழ் டீச்சர் என் கையைப் புடிச்சு வாசலுக்கு இழுத்துட்டுப் போனாங்க. நான் ப்ளேனைப் பத்திச் சொல்றேன், அவங்களுக்கு அது சாபம் மாதிரி கேக்குது.

ப்ளேன் பத்தரைக்கு முன்னால ஏறிடுச்சு. கை தட்டினாங்க. உயரத்துக்கு வந்து ஆட்டோவுல போட்டார். அதுபாட்டுக்குப் போச்சு, அப்பப்ப பட்டனை அமுக்கித் திருப்பி விட்டார். ஒரு ஆட்டம் இல்லை, அசைவு இல்லை. பிசிக்ஸ் சார் வாசல் பக்கம் திரும்பி, "எங்க மேடம், விழலையே?"ன்னு ரெண்டு தரம் கேட்டார். ரெண்டு தரமும் சிரிப்பு. நான் செம்பை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னேன். ஆட்டோவுல இருக்கற வரைக்கும் அது விழாதுடா மடையா, தொட்டாத்தான் விழும்னு உள்ளுக்குள்ள கருவினேன்.

பதினொண்ணரைக்கு மேல சீஃப் கெஸ்ட் வந்தார். பன்னீர் தெளிச்சேன். மாலை, பொன்னாடை, எல்லாம் ஆச்சு. டிவி முன்னால உக்கார வெச்சாங்க. பிசிக்ஸ் சார் மைக்கைப் புடிச்சுக்கிட்டு, "ஐயா ஸ்டிக்கைத் தொட்ட உடனே ஆட்டோ ஒதுங்கிடும், விமானம் ஐயா கட்டுப்பாட்டுக்கு வந்துடும்"னு அறிவிச்சார். பெரிய ப்ளேன் பாடத்தை சின்ன ப்ளேனுக்கு ஒப்பிக்கறார். எனக்குக் காது ரெண்டும் சூடாயிடுச்சு.

சீஃப் கெஸ்ட் ஸ்டிக்கைப் புடிச்சு இழுத்தார். டொய்ங் வரலை. ப்ளேன் பாட்டுக்கு நேராப் போகுது. இன்னும் இழுத்தார். ஒண்ணும் இல்லை. நான் எட்டத்துல இருந்தே அந்த அம்புக்குறியைத்தான் பாத்துட்டிருந்தேன், எறங்குது, எறங்குது, அடிமட்டத்துக்கே போயிடுச்சு. "என்னய்யா இது, எருமை மாதிரி வரமாட்டேங்குது?"ன்னு சீஃப் கெஸ்ட் சலிச்சுப்போய்க் கையை விட்டார். அந்த நேரம் பாத்து பிசிக்ஸ் சார், பதட்டத்துல, ஆட்டோவை நிறுத்தற பட்டனை ஓங்கி அமுக்கினார்.

ப்ளேன் மூக்கைக் குத்திக்கிட்டு எறங்குச்சு. வானம் போச்சு, டிவி முழுக்க பச்சை நெலம். சீஃப் கெஸ்ட் "ஏய், ஏய்"ங்கறார், பிசிக்ஸ் சார் ஸ்டிக்கைப் புடுங்கறார், கரஸ்பாண்டென்ட் "முருகா"ங்கறார். டமால்னு ஒரு சத்தம். திரை கறுப்பாயிடுச்சு. மாலை போட்ட டிவி, அதுக்கு முன்னால எலுமிச்சம்பழம், எழவு வூடு மாதிரியே இருந்துச்சு.

சீஃப் கெஸ்ட் நல்ல மனுஷன், விழுந்து விழுந்து சிரிச்சார். "நமக்கெல்லாம் கவர்மென்ட் ஜீப்பே போதும்யா"ன்னுட்டு எழுந்து சாப்பிடப் போயிட்டார். வேற யாரும் சிரிக்கலை. எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. ப்ளேனை விழ வெச்ச ஆளைப் பாக்கலை, என்னைப் பாத்தாங்க. பிசிக்ஸ் சார் கரஸ்பாண்டென்ட் காதுக்குப் பக்கத்துல போய்ச் சொன்னது எனக்கும் கேட்டுச்சு: "காலையிலயே வாய் வெச்சுட்டாங்களே சார்."

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள்ள எனக்குக் கருநாக்குன்னு பேர் வந்துடுச்சு. ஆயாம்மா ஒருத்தங்க பக்கத்துல வந்து, "கோச்சுக்காதீங்க டீச்சர், நாக்கை நீட்டுங்க, மச்சம் கிச்சம் இருக்குதான்னு பாக்கறேன்"னாங்க. வூட்டுக்குப் போய்க் கண்ணாடில நீட்டிப் பாத்தேன், வெக்கங்கெட்டு. எல்லாரும் மாதிரி செவப்பா ஒரு நாக்கு. தமிழ் டீச்சர் மட்டும், "குருவி உக்காரப் பனம்பழம் விழுந்த கதை, மனசுல வெச்சுக்காதீங்க"ன்னு சமாதானம் சொன்னாங்க. அதுவும் எனக்கு ஆத்திரம்தான். என்ன குருவி, என்ன பனம்பழம்? அது தானா விழலையே! இன்னது செஞ்சா இப்படி விழும்னு சொன்னேன், அதைச் செஞ்சாங்க, விழுந்துச்சு!

திங்கக்கிழமை கரஸ்பாண்டென்ட் கூப்பிட்டார். லீவுல போன டீச்சர் ஜூன்ல வர்றாங்களாம். கம்ப்யூட்டர் கிளாஸ் பிசிக்ஸ் சாருக்காம். நான் நின்னபடியே எல்லாத்தையும் வெளக்கினேன், வால், அம்புக்குறி, டொய்ங், ஒண்ணு விடாம. "சார், ரெண்டு ப்ளேனும் ஒண்ணு கெடையாது சார். உங்க ரெண்டு பஸ்ஸுல ஒண்ணுக்கு பிரேக் அழுத்தமா இருக்கும், ஒண்ணுக்கு லேசா இருக்கும், டிரைவர் தெரிஞ்சுதானே ஓட்டறாங்க? நான் சாபம் விடலை, காரணத்தைச் சொன்னேன்."

அவர் பொறுமையாத்தான் கேட்டார். கேட்டுட்டு, "எல்லாம் சரிம்மா. ஆனா நீங்க சொன்னீங்க, விழுந்துச்சு இல்ல?"ன்னார். "எனக்கு அஞ்சு பஸ்ஸு ரோட்ல ஓடுது. உங்களைக் கூடவே வெச்சுக்கப் பயமா இருக்கும்மா." தப்பாச் சொல்லியிருந்தா வேலை தங்கியிருக்கும்.

வூட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை வந்து, ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு, "சரி வுடு, இண்டூருக்குப் போயிடு, அம்மா கேட்டுட்டே இருக்காங்க"ன்னார். அடுப்பை அணைச்சுட்டு ஒரு மூச்சு அழுதேன். அந்தப் பாழாப்போன மனுஷனுக்கு நல்ல சாவு வரக்கூடாதுன்னு கூட நெனச்சேன், பொய் சொல்ல மாட்டேன்.

மே மாசம் பாத்திரத்தையெல்லாம் சாக்குல போட்டுக் கட்டிட்டிருக்கேன், கேட் பக்கத்துல யாரோ கூப்பிடற சத்தம். பாத்தா பிசிக்ஸ் சார். உள்ள வரலை, கேட்டுக்கு வெளியவே, வெயில்ல நிக்கறார். கம்ப்யூட்டர் கிளாஸ் ஆரம்பிக்கப் போகுது, சின்ன ப்ளேனைப் பத்திக் கேக்கத்தான் வந்திருக்கார்னு நெனச்சேன். வரட்டும், வாயில வந்ததையெல்லாம் சொல்லிட்டு, கடைசியில ஒரு அட்சரம் சொல்லிக் குடுக்காம அனுப்பறேன்னு முந்தானையைச் சொருகிக்கிட்டுப் போனேன்.

"டீச்சர்"னார். மேடம் போய் டீச்சர் ஆயிடுச்சு. "வூட்ல மாசமா இருக்காங்க. இது மூணாவது. முன்னாடி ரெண்டும் தங்கலை." கையைப் பெசஞ்சார். "எம்மேல உங்களுக்குக் கோவம் இருக்கும். நியாயம்தான். கோவத்துல என்னை ஏதாச்சும் சொல்லிடாதீங்க டீச்சர். உங்க வாயால ஒரு நல்ல வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும்."

எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் உலகத்துக்கே ஒண்ணுதான்னு சொன்ன மனுஷன். என்னைத் துரத்தறதுக்காகத் தந்திரமாத்தான் நான் வாய் வெச்சுட்டேன்னு சொன்னார்னு இத்தனை நாள் நெனச்சிட்டிருந்தேன். இல்லை, நெசமாவே நம்பறார். கண்ணுல தண்ணி நிக்குது அந்தாளுக்கு. எனக்கு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வந்துச்சு. அந்தப் பொம்பளை என்ன பாவம் பண்ணினா?

"நல்லபடியாப் பொறக்கும். ரெண்டு உசுரும் நல்லா இருக்கும். போங்க சார்"னேன்.

பெரிய கும்பிடாப் போட்டார். மூஞ்சில அப்படி ஒரு நிம்மதி. மூணு மாசம் உக்காந்து, என் கையால ஓட்டி, என் கண்ணால பாத்து, இப்படிச் செஞ்சா விழும்னு சொன்னப்ப நம்பாத மனுஷன், எனக்கு ஒரு மண்ணும் தெரியாத ஒண்ணைச் சொன்னதும் அப்படியே நம்பிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கிட்டுத் தெரு முனைக்குப் போறார். ப்ளேனைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை.